நாற்பத்தொன்றாம் லூப்

எட்டாவது டேக்கையும் திலகவதி கெடுத்தாள். வாய் தவறிக் கெடுக்கவில்லை. ஐம்பது வருஷமாக மைக்குக்கு முன்னால் நின்று பிழைத்தவளுக்கு வாய் தவறுமா என்ன, மூன்று தடவை பீப் ஒலித்து நாலாவது ஒலிக்க வேண்டிய இடத்தில் சொல் விழ வேண்டும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், இருந்தும் அரை நொடி முந்திக்கொண்டு "மன்னி" என்று தொடங்கி, திரையில் அந்தக் குழந்தையின் உதடு பிரிவதற்குள் நிறுத்தி, "ஐயோ, முந்திட்டேன், சாரி" என்றாள், முகத்தை வருத்தமாகவே வைத்துக்கொண்டு. அதற்கு முந்தின டேக்கில் இருமல். அதற்கும் முந்தினதில் தாள் சரசரத்தது. சாலிகிராமத்தில் கீழே மெஸ்ஸும் மேலே டப்பிங் தியேட்டருமாக இருக்கிற கட்டடம் அது. பதினொன்றரை மணிக்கே சாம்பார் வாசனை படியேறி வந்து கதவுக்கு வெளியே நின்றுவிடும், உள்ளே வராது, உள்ளே எதுவுமே வராது, சுவர் முழுக்க ஸ்பாஞ்சு, தரையில் கம்பளம், இரட்டைக் கதவு, கை தட்டினால் தட்டிய இடத்திலேயே சத்தம் செத்துப்போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். சவுண்ட் இன்ஜினீயர் ஜெபராஜ், இவளோடு முப்பது வருஷம் பழகியவர், இவள் மூச்சு விடுவதை வைத்தே முந்தின நாள் காய்ச்சலா என்று கேட்கக்கூடியவர். பக்கத்தில் டைரக்டர் இன்பராஜ், வயசு நாற்பதை ஒட்டி, முதல் பெரிய படம், கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு. அவன் பட்டனை அழுத்தியதும் குரல் ஹெட்போனுக்குள் வந்தது. "பரவால்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க. அந்த விம்மல் மட்டும் வந்துட்டா போதும். இது முடிஞ்சா சாப்பிடப் போயிடலாம்." இத்தனை மரியாதையாகக் கேட்கிறானே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கத்தியிருந்தால் சௌகரியம். கத்துகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றாம் லூப், திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பேசவைக்கிற அந்தப் படத்துண்டு, மொத்தமே பன்னிரண்டு நொடி. அரண்மனை. நடுவில் படத்தின் நாயகி, பத்து வயசு சில்லு, பாவாடையெல்லாம் சேறு, ஒரு காலில் செருப்பில்லை. அவள் முகம் திரை முழுக்க வருகிறது, உதடு சேர்கிறது, பிரிகிறது, ஒரே ஒரு சொல். அடுத்தது ராஜாவின் முகம், அது இளகுகிறது, மெதுவாக, இளகுவதற்கென்றே கொடுத்த நேரத்தை ஒரு நொடி விடாமல் எடுத்துக்கொண்டு. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. திலகவதியின் முன்னால் ஸ்டாண்டில் இருந்த தாளில், மன்னிச்சிடுங்க மகாராஜா, விம்மலுடன் என்று எழுதியிருந்தது. 'மன்னி' குழந்தையின் முகத்தின் மேல், மிச்சமெல்லாம் ராஜாவின் முகத்தின் மேல் ஓடிவிடும், பார்க்கிறவனுக்குத் தெரியாது. கெட்டிக்காரத்தனமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் ஊரார் உதட்டைப் பார்த்துப் பார்த்தே வயசாகிப்போனவளிடம் இந்தக் கெட்டிக்காரத்தனம் எடுபடுமா. அந்த உதடு மன்னி என்று சொல்லவில்லை. சேர்ந்தது, அகலமாகத் திறந்தது, அப்படியே நின்றது, முடிந்தது. மாட்டேன். செட்டில் அந்தக் குழந்தை மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறது, முகத்தில் ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை, மூக்கு விடைத்துக்கொண்டு நிற்கிறது. படம் கிராபிக்ஸ் வேலைக்காக இரண்டு வருஷம் கிடந்ததில் அது வளர்ந்து குரல் மாறிவிட்டது, அதனால் சில்லுவுக்குத் திலகவதி. மாறாவிட்டாலும் திலகவதிதான். திரையில் கொஞ்சுகிற குழந்தைகளில் பாதிக்குப் பின்னால் முட்டியில் தைலம் தடவிய ஒரு பெரிய மனுஷி நின்றுகொண்டிருப்பாள், அது ஊருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்றுதான் பெயர் போடும்போது அவள் பெயரை எறும்பு சைஸில் போட்டு ஓடவிடுகிறார்கள். இந்த ஐம்பத்தொன்பது வயசுத் தொண்டையில் பத்து வயசைக் கொண்டுவர அவள் காலை ஐந்து மணியிலிருந்து சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

எண்பத்தொன்பதில் ஒரு சிறுவர் வார இதழில் ஐம்பது வாரம் வந்த தொடர், கிணற்றூர்ச் சில்லு, அதுதான் இந்தப் படம். எழுதியவர் பெயர் பட்டாணி மாமா, அது மாமாவா மாமியா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. வாளியில் உட்கார்ந்து கிணற்றுக்குள் இறங்குகிற ஒரு பெண், அடியில் ஓர் ஊர், அந்த ஊரில் எதிரொலியே கிடையாது. ராஜாவுக்கு யாரும் திருப்பிப் பேசினால் ஆகாது, எதிரொலி திருப்பிப் பேசுகிறது, அதனால் ஊரிலிருந்த எதிரொலியை எல்லாம் பிடித்துப் பானையில் போட்டுக் களிமண்ணால் வாயடைத்து அடுக்கி வைத்துவிட்டான். கடைசியில் சபையில் நிறுத்தி, மன்னிப்புக் கேள், கயிறு போடச் சொல்கிறேன், மேலே ஏறிப் போய்விடு என்பான். சில்லு மாட்டேன் என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பானையெல்லாம் வெடித்து ஏழு எதிரொலி. பத்திரிகையில் அதை ஏழு வரியாக, ஒவ்வொரு வரியும் முந்தினதைவிடப் பெரிய எழுத்தாகப் போட்டிருந்தார்கள், ஏழாவது பக்கத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. இப்போது ராஜாவாக நடிப்பவர் பெரிய ஹீரோ. பெரிய ஹீரோ ஒரு பொடிசிடம் தோற்கலாமா, போஸ்டருக்குப் பால் ஊற்றுகிறவர்கள் விடுவார்களா. அதனால் ராஜா தோற்கவில்லை, திருந்துகிறார். பானைகளைத் தன் கையாலேயே திறந்துவிடுகிறார். திருந்துவதற்கு அவருக்கு ஒரு கண்ணீர் தேவைப்படுகிறது, அது அவர் கண்ணீராக இருக்கக்கூடாது, குழந்தையின் கண்ணீராக இருக்க வேண்டும். குழந்தை அழவில்லையே என்றால், அதற்கென்ன, கண்ணீரை கிராபிக்ஸில் சொட்டவிட்டுக்கொள்ளலாம். சத்தத்துக்குத்தான் திலகாம்மா இருக்கிறார்களே. அழுகை என்றால் திலகாம்மா. அம்மா செத்துப்போகிற குழந்தை, ரயிலில் தொலைந்த குழந்தை, கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போன குழந்தை, ஆணோ பெண்ணோ, தமிழ்நாட்டில் எந்தக் குழந்தை திரையில் அழுதாலும் அதில் பாதி இவள் அழுதது. அழுதே ஒரு வீடு கட்டினாள், அழுதே பெண்ணைப் படிக்கவைத்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு விம்மல் வராமலா போய்விட்டது. வரும். வரவிட்டால் வரும். சில்லு அழமாட்டாள், அவ்வளவுதான் விஷயம், ஐம்பது வாரத்தில் ஒரு வாரம்கூட அவள் அழுததில்லை, வாளி அறுந்தபோதும் அழவில்லை, இந்த வேஷக்கார ராஜாவுக்காகவா அழப்போகிறாள்.

"ஒன்பது. போலாம்மா." சிவப்பு விளக்கு. திரையில் சில்லு வந்து நின்றாள், பீப், பீப், இந்தத் தடவை என்ன செய்து கெடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை தானாகக் கீழே போனது. புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், இடது தொடையில், வழக்கமான இடத்துக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடித்துவிட்டன. அவள் சொல்லி அவை போகவில்லை, விம்மல் என்று தாளில் எழுதியிருந்தால் போதும், அவை போய்விடும், ஐம்பது வருஷப் பழக்கம். தொண்டையில் அந்த உருண்டை கிளம்பி மேலே வந்தது. இன்னும் ஒரு இழை இருந்தால் வெளியே வந்திருக்கும். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள், இழுத்த வேகத்தில் ஸ்டாண்டில் இடித்தது, தாள் விழுந்தது, ஒன்பதும் போயிற்று. இது அவள் வேண்டுமென்று செய்ததில்லை. எழுபத்து நாலில் இதேபோல ஓர் அறை, எட்டு வயசு, ஸ்டூல் போட்டு ஏற்றியும் மைக் எட்டவில்லை, இரண்டாவது ஸ்டூலை அதன்மேல் வைத்தார்கள். அழு பாப்பா, அழு, என்றார்கள். எதற்கு அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, காலையில்தான் பூரி தின்றிருந்தாள், சந்தோஷமாக இருந்தது. பத்து டேக், பதினைந்து டேக், வெளியே காத்திருந்த அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்பா உள்ளே வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார், பக்கத்தில் நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதுபோல் பாவாடைக்கு அடியில் கையைவிட்டு ஒரு கிள்ளு. ஓகே, என்றார்கள் அந்தப் பக்கத்திலிருந்து, பிரமாதம், கைதட்டல். வெளியே வந்ததும் அப்பா ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று ரோஸ்மில்க் கடைக்காரனிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் ஒரே அடியாக வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அதற்குப்பிறகு எல்லா அழுகைக்கும் அப்பா பக்கத்தில் நின்றார். கொஞ்ச வருஷத்தில் கிள்ளவும் வேண்டியிருக்கவில்லை, நின்றாலே போதும், விரல் தொடையருகே வந்தாலே உருண்டை கிளம்பிவிடும். அவர் செத்துப்போனபிறகு அந்த வேலையை இவள் கையே எடுத்துக்கொண்டது. தொடையில் அந்த இடம் எட்டணா அளவுக்குக் கறுத்து மரத்துப்போயிருக்கிறது. அத்தனை குழந்தைகளின் துக்கமும் அந்த எட்டணா அளவிலிருந்துதான் வந்தது என்று யாரிடம் சொல்வது. விருது கொடுத்தவர்களிடமா. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள், இவள் அழுது மற்றவர்கள் குடித்தார்கள், போகட்டும், அதில்கூட இப்போது அவளுக்கு வருத்தமில்லை. இந்தக் கை சில்லுவின் பக்கம் போகக்கூடாது. அது ஒன்றுதான்.

"அஞ்சு நிமிஷம் பிரேக் எடுத்துக்கலாம்மா, வெந்நீர் குடிங்க" என்றான் இன்பராஜ். பிளாஸ்க்கைத் திறந்தாள். பட்டனை விட்டதாக நினைத்து அவன் விடவில்லையோ, இல்லை பட்டன்தான் மேலே எழும்பாமல் மாட்டிக்கொண்டதோ, அந்தப் பக்கத்துப் பேச்சு முழுக்க ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது. கழற்றிவிடலாம் என்று கை போனது, போன கை நின்றது. "வயசாயிடுச்சு சார் அவங்களுக்கு" என்றான் இன்பராஜ். "வயசெல்லாம் இல்ல" என்றார் ஜெபராஜ். "இன்னும் ரெண்டு டேக் பாப்போம்" என்றான் இன்பராஜ். "வரலேன்னா ஒண்ணும் பிரச்சனை இல்ல, இந்த நாப்பது லூப்பு இருக்கு, பழைய படங்கள்ல அவங்க அழுதது எவ்ளோ கிடக்கு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல குடுத்தா அவங்க குரல்லயே அழுது குடுத்துடும். ரெண்டு மணி நேர வேலை." ஜெபராஜ் அவன் பக்கம் திரும்பினார். "அவங்களைக் கேக்காமயா?" "கேக்காம எப்படி சார், ஒரு கையெழுத்து வாங்கிடணும். போட்டுடுவாங்க. பாவம், எதுக்குமே இல்லைன்னு சொன்னதில்லையே." வெந்நீர் தொண்டையில் இறங்கியது, நெஞ்சுவரை அதன் சூடு தெரிந்தது. எதுக்குமே இல்லைன்னு சொன்னதில்லை. பாராட்டாகத்தான் சொல்கிறான். இண்டஸ்ட்ரி முழுக்க அவளைப் பற்றிச் சொல்கிற பாராட்டு அது, தங்கமான மனுஷி, கூப்பிட்ட நேரத்துக்கு வருவாங்க, கொடுத்ததை வாங்கிக்குவாங்க, எதுக்கும் இல்லைன்னு சொல்லமாட்டாங்க. இன்றைக்குக் காலையிலிருந்து செய்கிற கூத்தைக்கூட இருமலாலும் தாள் சத்தத்தாலும்தானே செய்கிறாள், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பிள்ளை வயிற்றுவலி என்பதுபோல. அவள் குரல் ஒரு பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து அழப்போகிறது. அதைக் கிள்ளக்கூட வேண்டாம். அந்த நினைப்பில் பயம் வந்தது, உண்மையான பயம், பானைக்குள் போட்டுக் களிமண்ணால் மூடுவது என்று அந்தப் பட்டாணி மாமா எழுதியது இதைத்தானா, எப்படித் தெரிந்தது அந்த மனுஷனுக்கு, அல்லது மனுஷிக்கு.

போன வாரம் மகள் எழில் போன் செய்திருந்தாள், ஓசூரிலிருந்து. நாற்பத்திரண்டு வயசாகிறது அவளுக்கு, தலையில் நரை, எப்போதும் வேலைக்கு நடுவில் பேசுவதுபோலத்தான் அம்மாவிடம் பேசுவாள். அன்றைக்கு அவளாகவே கேட்டாள். "சில்லுவுக்கு நீயா பேசறே?" ஆமா என்றாள் திலகவதி. "அந்த மாட்டேன், அது நீயாம்மா சொல்லப்போறே?" "ஆமாடி." "சரி. பாப்பாவைக் கூட்டிட்டு முத நாளே போறேன்." அப்போது தாள் கைக்கு வந்திருக்கவில்லை, மன்னிச்சிடுங்க என்று மாற்றியது தெரியாது, ஆமாடி என்று சொல்லிவிட்டாள். அதை நினைத்தால் பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூம் வந்து நிற்கிறது, அதைத் தாண்டி நினைப்பு போகவே மாட்டேன் என்கிறது, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து முட்டுகிறது. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோவிலிருந்து வரும்போது பத்திரிகையை வாங்கி வருவாள், ஆறு வயசு எழில் கட்டிலின்மேல் நின்றுகொண்டு காத்திருக்கும், சில்லுவுக்குச் சில்லு குரல், ராஜாவுக்கு ராஜா குரல், வாளி கிரீச்சிடுவதைக்கூட இவள் வாயாலேயே செய்வாள். மாட்டேன் வந்த வாரம் எழில் விரல் விட்டு எண்ணியது, வலது கையில் ஐந்து, இடது கையில் இரண்டு, ஏழு வந்ததும் கட்டிலிலிருந்து ஒரே குதி. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அன்றைக்கு மட்டும் எத்தனை குதி. அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மிஸ்ஸின் குடையை யாரோ உடைத்துவிட்டார்கள். எழில்தான் என்றார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். எழில் சொல்லிவிட்டது, மாட்டேன், நான் உடைக்கலை. அம்மாவை வரச்சொன்னார்கள். திலகவதிக்குப் பத்து மணிக்கு டப்பிங், ஒன்பதரைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் அறை, சுவரில் கடிகாரம், வெளியே ஆட்டோ காத்திருக்கிறது. "ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சுது, சின்ன விஷயம், பிடிவாதம் பாருங்க இதுக்கு" என்றார் அந்த அம்மாள். உடைத்தாயா என்று ஒரு வார்த்தை இவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இடது கை தானாகப் போனது, குழந்தைக்குப் பின்னால், யூனிஃபார்முக்கு அடியில், தொடைக்கு. இரண்டு விரல். எழில் தொடையைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே சொன்னது, மன்னிச்சிடுங்க மிஸ். விம்மல் இல்லாமல், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல். இவள் பத்து மணிக்கு ஸ்டுடியோ போய் யாரோ ஒரு பையனுக்காக நாலு லூப் தேம்பித் தேம்பி அழுதாள், நாலும் முதல் டேக்கிலேயே ஓகே. குடையை உடைத்தது ஆயா என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது, எழிலிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரிகையை நீட்டினபோது எழில் அதை வாங்கிக்கொண்டு, நானே படிச்சுக்கறேன் என்றது. எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும் அதற்கு அப்போது. மூலையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியே படித்தது.

ஆக, சில்லுவை ஒரு தடவை மன்னிப்புக் கேட்கவைத்தாகிவிட்டது. அதைச் செய்தது எந்த ராஜாவும் இல்லை, இவள்தான், இந்த இரண்டு விரல்தான். முப்பத்தாறு வருஷமாக அந்த விம்மல் இல்லாத குரல் இவள் காதில் கிடக்கிறது, ஆயிரம் அழுகை அழுதும் அதை மூட முடியவில்லை. இன்னொரு தடவை என்றால் எப்படி. தியேட்டர் இருட்டில் நாற்பத்திரண்டு வயசு எழில் மகளோடு உட்கார்ந்து விரலை மடக்கத் தயாராக வைத்துக்கொண்டிருக்கும்போது, அம்மா குரலில் மன்னிச்சிடுங்க மகாராஜா என்று கேட்டால். எழில் ஒன்றும் சொல்லமாட்டாள். போன் செய்து படம் நல்லாருக்கு என்பாள். அதை நினைத்ததும் திலகவதிக்குக் காதெல்லாம் சூடேறியது, பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது, வசதியாக, சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் கால் நீட்டி. போனால் என்ன போகும். இந்தப் படம் போகும். அடுத்ததற்குக் கூப்பிடமாட்டார்கள், கூப்பிடாமல் போகட்டும், இத்தனை வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழவைத்தது போதாதா. தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. சித்தரத்தையைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்டாண்டின்மேல் வைத்தாள்.

"ரெடியாம்மா?" "இன்பராஜ், ஒண்ணு கேக்கணும்." "சொல்லுங்கம்மா." "அந்தப் பாப்பா செட்ல என்ன சொன்னா?" அவன் ஜெபராஜைப் பார்த்தான், ஜெபராஜ் மேஜையைப் பார்த்தார். "அது அப்ப வேற ஸ்கிரிப்ட்மா." "செட்ல எடுத்த சத்தம் இருக்குமே, அதைப் போட்டுக் காட்டுங்க." "வேணாம்மா, கன்ஃப்யூஸ் ஆயிடும்." "எனக்கா?" ஜெபராஜ் இருமினார், சிரிப்பை மறைக்கிற இருமல், அது அவளுக்குத் தெரியும். இன்பராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். அவன் முகம் கண்ணாடிக்கு அருகில் வந்தது, பாவமாக இருந்தது. "அம்மா, நானும் அந்தப் புக்கைப் படிச்சு வளந்தவன்தான். பைண்டு பண்ணி வெச்சிருக்கேன். ஆறு வருஷம் இதைத் தூக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன், ஒருத்தனும் சீந்தல. ஹீரோ உள்ள வந்ததாலதான் படமே. எடிட் பாத்துட்டு, அந்தப் பொண்ணு திமிரா பேசுது, அது இருந்தா டப்பிங்குக்கே வரமாட்டேங்கறார். நான் என்ன பண்ணுவேன்?" "வரமாட்டேங்கறாரா?" என்றாள் திலகவதி. "அவருக்கு மட்டும் அந்தச் சொல்லு வாயில வருதா?" அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "குழந்தைதானேம்மா, அழுதா என்ன." "அழாதவளை அழவைக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும் தம்பி. ரெண்டு விரல் போதும்." அவனுக்குப் புரியவில்லை, புரிய வேண்டாம். ஜெபராஜ் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாகக் கண்ணாடி வழியாக அவள் இடது கையைப் பார்த்திருக்கிறவர், ஒரு நாளும் கேட்டதில்லை. "அப்புறம், கம்ப்யூட்டர்ல அழுது குடுக்கறதுக்கு என் கையெழுத்து வேணும்னீங்களே. பட்டன் ஆன்லதான் இருந்தது."

இன்பராஜ் பட்டனைப் பார்த்தான், விரலை எடுத்தான், மறுபடி வைத்தான். அவன் காது சிவந்திருந்தது. "சாரிம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு தடவை பண்ணிக் குடுங்க. எனக்காக. அந்த ஒரு விம்மல்." அவன் கெஞ்சுவது நிஜமாகவே கெஞ்சல், அதில் நடிப்பில்லை, ஆறு வருஷமும் அதில் இருந்தது, அவளுக்கு அது நன்றாகவே கேட்டது, குரலில் என்ன இருக்கிறது என்று கேட்பதுதானே அவள் தொழில். எட்டு வயசிலிருந்து இப்படித்தான், எல்லோருக்கும் ஒரு நியாயம் இருந்தது, அப்பாவுக்கு, ஹெட்மிஸ்ட்ரஸுக்கு, பத்து மணி டப்பிங்குக்கு. எல்லோர் நியாயத்துக்கும் தொடை ஒன்றுதான். இரண்டு கையாலும் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள், இடது கையைக் கொஞ்சம் இறுக்கமாக. ஜெபராஜ் எப்போது லூப்பை ஓடவிட்டார் என்று தெரியவில்லை, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பீப், அவள் திரையைப் பார்க்கவில்லை, பீப், கண்ணாடி வழியாக இன்பராஜின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பீப்.

"மாட்டேன்."

சில்லுவின் குரல் இல்லை. நாற்பது லூப்பில் கட்டிக் காப்பாற்றிய பத்து வயசு அதில் இல்லை. ஐம்பத்தொன்பது வயசுக் குரல், அடியில் கரகரப்பு, முட்டிவலி, மெஸ்ஸில் டோக்கன் வாங்கும்போதும் பேத்தியை அதட்டும்போதும் பேசுகிற அவளுடைய சொந்தக் குரல். ஐம்பது வருஷத்தில் இந்த மாதிரி ஓர் அறைக்குள் அது ஒரு தடவையும் பதிவானதில்லை. சொன்னதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சின்னச் சொல்லா, இதற்கா இத்தனை நாள். இன்பராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லூப் சுற்றி வந்தது, இப்போது பதிவான குரலோடு, அரண்மனை, சேறு படிந்த பாவாடை, திரை முழுக்க அந்தக் குழந்தையின் முகம், உதடு சேர்ந்து, அகலமாகத் திறந்து, மாட்டேன், நின்று, முடிந்தது. பத்து வயசு உதட்டில் அந்தக் கிழட்டுக் குரல் நூலிழைகூடப் பிசகாமல் பொருந்தியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"லிப் உக்காந்துடுச்சு சார்" என்றார் ஜெபராஜ், யாரையும் பார்க்காமல். நிறுத்துகிற பட்டன் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்பராஜ் நாற்காலியில் பின்னால் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் சொன்னால் அவர் நிறுத்துவார். லூப் மறுபடி வந்தது. மாட்டேன். அந்த அறையில் எதிரொலி கிடையாது, எது சொன்னாலும் ஸ்பாஞ்சு தின்றுவிடும், ஆனால் லூப் உண்டு. மாட்டேன். திலகவதி ஸ்டாண்டிலிருந்து வலது கையை எடுத்து ஒவ்வொன்றாக விரலை மடக்கினாள். மூன்று. நாலு. இன்பராஜின் உதடு அசைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, அவன் பேசவில்லை, அவனும் எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்தோடு வலது கை தீர்ந்தது. இடது கையைத் தூக்கினாள், ஆறுக்குக் கட்டைவிரல், ஏழுக்கு ஆள்காட்டி விரல். ஏழாவதும் வந்து முடிந்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.